தம்பியின் காட் பைத்தியம்: என்ன செய்யலாம்?

கேள்வி (கிளிநொச்சி அக்கா): தம்பி கால்பந்து வீரர்களின் படம் போட்ட காட் (அட்டை) சேர்க்கிறவன். முன்பு பக்கற் வாங்கினான், சரி என்று விட்டோம். இப்போது வெளிநாட்டுக்காரர் நேரலையில் காட் பெட்டிகளை உடைக்க, அதில் வரும் ஒரு அணியின் காட் தனக்கென்று இவன் முன்கூட்டியே காசு கட்டிவிட்டு விடிய விடியப் பார்க்கிறான். அந்த அணியின் காட் வராவிட்டால் காசு போனதுதான். நெல் விற்ற காசு முடிந்து, அம்மாவின் சங்கிலியும் அடகில். “வீரரின் கையெழுத்துள்ள காட் ஒன்று விழுந்தால் எல்லாம் திரும்பும்” என்கிறான். பயமாக இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து: அக்கா, விட்டதைப் பிடிக்க மேலும் கட்டுவது சூதின் அடையாளம். பரிசு எப்போது விழும் என்று தெரியாததுதான் ஆளைப் பிடித்து வைக்கும். கணினி விளையாட்டுகளில் உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசுக்கு விற்ற அதிர்ஷ்டப் பெட்டிகளை 2018இல் பெல்ஜியம் சூதாட்டம் என்றே தீர்மானித்தது.

வவுனியாவிலிருந்து: விரும்பிய காட்டைத் தனியாக வாங்கலாமே என்று கேட்டுப் பாருங்கள். அதில் ஆசை இல்லையென்றால் அவனுக்கு வேண்டியது காட் அல்ல, பெட்டி திறக்கும் பரபரப்பு. கடனை நீங்கள் அடைக்க வேண்டாம். ஏசவும் வேண்டாம், ஒளிக்கத் தொடங்குவான். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

கிளிநொச்சி அக்கா: நாளை அவனோடு இருந்தே அந்த இலக்கத்துக்கு அழைப்பு எடுக்கிறேன். வங்கி அட்டையை அம்மாவிடம் கொடுக்கச் சம்மதித்திருக்கிறான்.