இரவில் கை சரியாமல் இருக்க வழி சொல்லுங்கள்

வலது மணிக்கட்டு எலும்பு முறிந்து, சென்ற வாரம் பிளேட் வைத்து அறுவை சிகிச்சை செய்தார்கள். முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. தையல் இன்னும் பிரிக்கவில்லை. கையை இதய மட்டத்துக்கு மேலே வைத்து, விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டச் சொன்னார் மருத்துவர்.

பகலில் சிக்கல் இல்லை. தூங்கியதும் கை கீழே நழுவிவிடுகிறது. காலையில் விரல்கள் வீங்கி, மடக்கவே வருவதில்லை. மரத்துப்போவதோ நிறம் மாறுவதோ காய்ச்சலோ இல்லை. உயர்த்தி வைத்தால் வீக்கம் வடிகிறது.

தலையணைகளை அடுக்கினேன், புரண்டால் சரிகின்றன. கழுத்தில் மாட்டும் பட்டையோடு படுத்தால் கழுத்து வலிதான் மிச்சம், கை வயிற்றின் மேல் கிடக்கிறது. சாய்வு நாற்காலியில் கை அசையவில்லை, தூக்கமும் வரவில்லை!

இதே சிகிச்சை செய்துகொண்டவர்களே, படுக்கையில் விடியும்வரை கையை உயரத்தில் நிறுத்த என்ன செய்தீர்கள்?