பழைய காதல் படங்களை எப்படிப் பார்க்கப் பழகுவது?

மாலைக்காட்சி (கேள்வி):
கறுப்பு வெள்ளைக் காதல் படங்களை நான் இதுவரை ஒதுக்கியே வந்திருக்கிறேன். அண்மையில் தற்செயலாக 'ரோமன் ஹாலிடே' (1953) பார்த்தேன். இறுதிக் காட்சியில், பயணத்தில் பிடித்த நகரம் எது என்று செய்தியாளர்கள் கேட்கிறார்கள். இளவரசி யாரையும் புண்படுத்தாத அரசமுறைப் பதில் ஒன்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, ரோம் என்று சொல்கிறார். நிறைந்த மண்டபத்தில் அதன் பொருள் ஓரிருவருக்கு மட்டுமே தெரியும் என்பது என்னை உலுக்கிவிட்டது. ஆனால் அதே ஆர்வத்தில் பார்த்த அக்காலத்து வேறொரு படம் தாங்க முடியாத சலிப்பைத் தந்தது. இப்படங்களை ரசிப்பதற்குத் தனிப் பயிற்சி ஏதும் வேண்டுமா?

திரைநேயன்:
உங்கள் கேள்விக்கான பாதி விடை அந்த இறுதிக் காட்சியிலேயே இருக்கிறது. மனத்தில் உள்ளதைச் சொல்ல இயலாத இடத்தில் காதலர்களை நிறுத்திவிட்டு, அவர்களின் முகத்தைக் கவனிக்கும் வேலையை அக்காலப் படங்கள் நம்மிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இதற்குத் தணிக்கையும் ஒரு காரணம். ஹாலிவுட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்து 1968 வரை நீடித்த ஹேஸ் விதிகள் நீண்ட முத்தக் காட்சிகளை ஏற்கவில்லை. ஆகவே ஹிட்ச்காக் 'நொட்டோரியஸ்' (1946) படத்தில் கேரி கிராண்டையும் இங்க்ரிட் பெர்க்மனையும் சிறு சிறு முத்தங்களாக விட்டுவிட்டுக் கொடுக்கவைத்து, இடையிடையே இரவு உணவைப் பற்றிப் பேசவும் தொலைபேசியில் விசாரிக்கவும் வைத்து, அவர்களை விட்டு விலகாத ஒரே அண்மைக் காட்சியாக அதை நீட்டினார். விதி மீறப்படவில்லை, ஆனால் அனுமதிக்கப்பட்டிருக்கக்கூடிய எந்த நீண்ட முத்தத்தைவிடவும் அது நெருக்கமாக அமைந்துவிட்டது.

கயல்:
உங்களுக்குச் சலிப்பூட்டிய படம் உண்மையிலேயே சலிப்பான படமாக இருந்திருக்கலாம், அதற்காக உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அடுத்ததாக லூபிட்ச் இயக்கிய 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940) பாருங்கள். ஒரே கடையில் வேலை பார்த்துக்கொண்டு நாள்தோறும் சண்டையிடும் இருவர், தாம் பெயர் தெரியாமல் காதல் கடிதம் எழுதிக்கொள்வது ஒருவருக்கொருவர்தான் என்பதை அறியாமல் இருக்கிறார்கள். உண்மை முதலில் அவனுக்கு மட்டும் தெரியவருகிறது. அதன்பின் காப்பிக் கடையில் அவள் அவனை ஏளனமாகப் பேசும்போது, ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தை மட்டும் கவனியுங்கள். இதே கதைதான் 1998-ல் மின்னஞ்சலுக்கு மாற்றப்பட்டு 'யூவ் காட் மெயில்' ஆனது என்பதால், இக்காலப் பார்வையாளருக்கு அதில் நுழைவது எளிது. கைப்பேசியை மட்டும் வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

வெண்திரை:
திரைநேயன் சொல்வதில் எனக்குச் சிறு மாறுபாடு உண்டு, ஏனெனில் அந்த அடக்கம் முழுவதையும் தணிக்கையின் கணக்கில் எழுத முடியாது. 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' 1934 பிப்ரவரியில், விதிகள் இறுகுவதற்குச் சில மாதங்கள் முன்பே, வெளிவந்தது; ஆயினும் இரு கட்டில்களுக்கு நடுவே கயிற்றில் தொங்கவிட்ட ஒரு போர்வையைக்கொண்டே படம் முழுவதற்குமான ஏக்கத்தை ஃபிராங்க் காப்ரா கட்டி எழுப்பினார். டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுண்டர்' (1945) பிரித்தானியப் படம். அதில் தனித்தனியே வேறொருவரை மணந்திருந்தும் ஒருவரையொருவர் காதலிக்கும் இருவர் இனிச் சந்திப்பதில்லை என்று முடிவெடுத்து விடைபெறும் நேரத்தில், ஓயாது பேசும் அறிமுகப் பெண்மணி ஒருவர் வந்து அமர்ந்துவிடுகிறார். அவனால் செய்ய முடிந்ததெல்லாம் அவள் தோளை ஒரு கணம் அழுத்திவிட்டுப் போவது மட்டுமே. அங்கே அவர்களைக் கட்டுப்படுத்துவது எந்தத் தணிக்கை விதியும் அல்ல, அவர்கள் வாழும் வாழ்க்கை.

உறுத்தும் இடங்களும் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'சப்ரினா' (1954) படத்தில் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கும் ஆட்ரி ஹெப்பர்னுக்கும் ஏறத்தாழ 30 வயது வித்தியாசம். படம் அதைக் கடந்துசெல்ல முயன்றாலும் என்னால் கடக்க முடியவில்லை. ஆகவே அதைத் தொடக்கத்தில் பார்க்க வேண்டாம்.

மாலைக்காட்சி:
மூவருக்கும் நன்றி. கடைக் கதையை முதலில் பார்க்கிறேன், அடுத்து அந்தத் தோளைத் தொடும் காட்சிக்காக 'பிரீஃப் என்கவுண்டர்'.