வொயிட் மவுண்டன் வனம்: எந்த மாதம் எந்தப் பாதை?

கேள்வி:
பாஸ்டன் பக்கம் இருக்கிறோம். நியூ ஹாம்ப்ஷயரின் வொயிட் மவுண்டன் தேசிய வனத்துக்கு வருஷம் முழுக்கப் போய்வர ஆசை. இரண்டு பெரியவர்கள், 9 வயதுப் பையன். சிகரங்களை இணைக்கும் மலைமுகட்டுப் பாதையான ஃப்ராங்கோனியா ரிட்ஜ் எப்போது சரி? பனிக்காலத்தில் பையனை எங்கே கூட்டிப் போகலாம்? மைக்ரோஸ்பைக்ஸ் (பூட்ஸ் அடியில் மாட்டும் சிறு உலோக முட்கள்) போதுமா, ஸ்னோஷூவும் (பனியில் புதையாமல் நடக்க பூட்ஸில் மாட்டும் அகலச் சட்டம்) வேண்டுமா?

பதில் 1:
ரிட்ஜுக்கு ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. சுற்று சுமார் 14 கி.மீ., ஏற்றம் 1,100 மீட்டருக்கு மேல். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி ஓல்ட் பிரைடில் பாத்தில் இறங்குங்கள். அருவியோரப் பாறைகள் எப்போதும் ஈரம். அதில் இறங்கும்போதுதான் வழுக்கும். மேலே லிட்டில் ஹேஸ்டாக் சிகரத்திலிருந்து லஃபாயெட் சிகரம் வரை 2.7 கி.மீ. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. இடி முன்னறிவிப்பு இருந்தால் அன்றைக்கு வேண்டாம். வாஷிங்டன் சிகர வானிலை நிலையம் உயரச் சிகரங்களுக்கென்று தனி அறிக்கை தருகிறது, அதைப் பாருங்கள். அடிவார ஊரின் வானிலை மேலே செல்லாது.

பையனுக்கு முதலில் லோன்சம் லேக்: ஏரி வரை 2 கி.மீ., 300 மீட்டர் ஏற்றம். அதைச் சிரமமில்லாமல் ஏறினால் ரிட்ஜைப் பற்றி யோசிக்கலாம்.

பதில் 2:
பனிக்காலத்துக்கு லிங்கன் வுட்ஸ் பாதை. பழைய மரம்வெட்டு ரயில்பாதை என்பதால் ஏறக்குறைய சமதளம். ஃப்ராங்கோனியா ஃபால்ஸ் வரை ஒரு பக்கம் 5 கி.மீ. சோர்ந்தால் எங்கிருந்தும் திரும்பலாம். வாகன நிறுத்தக் கட்டணம் உண்டு. அங்கே போகும் கான்கமாகஸ் சாலையில் பெட்ரோல் பங்க் கிடையாது, லிங்கன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டும் வேண்டும். மிதித்து இறுகிய பாதைக்கு மைக்ரோஸ்பைக்ஸ், புதுப்பனிக்கு ஸ்னோஷூ. ஸ்னோஷூ இல்லாமல் நடந்தால் கால் முழங்கால்வரை இறங்கும். அந்தக் குழிகள் இரவில் உறைந்து, பின்னால் வருபவர்களின் கணுக்காலைப் பதம் பார்க்கும். பருத்தித் துணி ஒன்றும் வேண்டாம், பனியன், சாக்ஸ் உட்பட: வியர்வையில் நனைந்தால் காயாது, நின்றதும் உடல் சில்லிடும். தண்ணீர் மேலிருந்துதான் உறையும் என்பதால் அகலவாய் பாட்டிலைக் கவிழ்த்து வையுங்கள். குழாய் வைத்த தண்ணீர்ப்பை வேண்டாம், குழாய்தான் முதலில் அடைக்கும். டிசம்பரில் நாலேகாலுக்கே சூரியன் மறைந்துவிடும்; ஆளுக்கொரு தலைவிளக்கு.

பதில் 3:
மேலே யாரும் ஏப்ரல், மே பற்றிச் சொல்லவில்லை. என் கணக்கில் வருஷத்திலேயே ஏமாற்றும் மாதங்கள் அவைதான். கீழே புல் துளிர்த்திருக்கும். 900 மீட்டருக்கு மேல் குளிர்காலம் முழுக்க மிதிபட்ட பனி, பாதை நடுவில் ஒற்றைத் தண்டவாளம்போல் ஐஸாக நிற்கும். அதன்மேல் ஸ்பைக்ஸ் இல்லாமல் நிற்க முடியாது; ஓரத்தில் கால் வைத்தால் இடுப்புவரை போகும். ஈரப்பனி ஸ்பைக்ஸ் அடியில் உருண்டையாக ஒட்டும், நடைத்தடியால் அடிக்கடி தட்டிவிடுங்கள். பனி உருகும் பிற்பகலில் ஓடைகள் ஏறும்: காலையில் கல் தாவிக் கடந்த இடம் திரும்பும்போது தொடையளவு இருக்கலாம். பாலமில்லாத ஓடை உள்ள பாதையை அந்த மாதங்களில் விட்டுவிடுங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் முடியும்வரை கடி ஈக்கள். காதுக்குப் பின்னாலும் முடியோரத்திலும்தான் கடிக்கும். பையனுக்குத் தலையை மூடும் பூச்சிவலை ஒன்று வாங்கிவிடுங்கள்.