கம்மாய்க்கரை, கலுங்கு பார்க்கப் போனவர்கள் கண்டதை எழுதுங்கள்

கம்மாய்வாசி (சிவகங்கை):

ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்னால் ஊர்க் கம்மாயை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். நானே ஆரம்பித்து வைக்கிறேன்.

எங்கள் பக்கம் எல்லோரும் கேட்பது "கரை பலமா இருக்கா?" என்றுதான். நான் முதலில் போவது கலுங்குக்கு, அதாவது கம்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டி வைத்த இடத்துக்கு. எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் கரை மண்தானே, தண்ணீர் அதன் தலைமேல் ஏறி வழிய ஆரம்பித்தால் வெளிச்சரிவு கரைந்து சில மணி நேரத்தில் உடைப்பு வாய் பிளந்துவிடும். போன வருஷம் சங்கத்து ஆட்களோடு பக்கத்து ஊருக்குப் போனபோது கலுங்கில் கல்லுக்குக் கல் மூங்கில் தட்டி வைத்து வலை கட்டியிருந்தது, மீன் ஓடிவிடக் கூடாதாம். அந்த வலையில் ஆகாயத்தாமரை வந்து அப்பிக்கொண்டு ஒரு சுவரே எழும்பியிருந்தது. அது போதாதென்று மண்மூட்டை வேறு. மூட்டை போட்டது மீன் குத்தகைக்காரர் இல்லை, விவசாயிகள். ஒரு அடித் தண்ணீர் கூட நின்றால் கடைசித் தண்ணிக்கு ஆகுமே என்ற கணக்கு. அதிலும் நியாயம் இருக்கிறது. கலுங்குக் கற்களை நட்டு வைத்ததே அதற்குத்தான், பெருமழை ஓய்ந்த பிறகு கல்லிடுக்கில் பலகையும் களிமண்ணும் வைத்து அடைத்துக்கொள்வது பழைய வழக்கம். தை மாதம் செய்ய வேண்டியதை ஐப்பசியில் செய்கிறார்கள், வம்பு அங்கேதான்.

அவர்களிடம் நான் சொன்னது இதுதான். கலுங்கின் மேல் 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் போகலாம் என்று கரையைக் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் 1 அடிக்கு மூட்டை அடுக்கினால், அதே மட்டத்தில் தண்ணீர் நிற்கும்போது பாதித் தண்ணீர் வெளியே போகும் என்று நினைப்பீர்கள். போகாது. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் போகும், ஏனென்றால் வழிகிற உயரம் குறையக் குறைய வெளியேறும் அளவு அதைவிட வேகமாகக் குறையும். மிச்சமெல்லாம் கம்மாய்க்குள் ஏறும், அப்புறம் கரைமேல்தான். முணுமுணுத்துக்கொண்டே மூட்டையை எடுத்தார்கள். வலைக்குத்தான் பஞ்சாயத்து இரவு வரை இழுத்தது.

பொருநைக்காரன் (தூத்துக்குடி):

அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் 2023 டிசம்பர் 17, 18 எங்கள் மாவட்டத்தில் பெய்த மழைக்கு எந்த மறுகாலும் (நீங்கள் சொல்கிற கலுங்குதான்) தாங்கியிருக்காது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. எங்கள் பக்கம் ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்குத்தான் போகும், அதனால் மேலே ஒன்று உடைந்தால் கீழே இருக்கிறதுக்கு மழையும் வரும், உடைந்த குளமும் வரும். உங்கள் குளத்தை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் பாதி வேலைதான் செய்திருக்கிறீர்கள். 2021 நவம்பரில் ஆந்திராவில் அன்னமய்யா அணையின் மண்கரை போனதும் இப்படித்தான், மேலே பிஞ்சா அணையில் உடைப்பெடுத்த தண்ணீரும் சேர்ந்து வந்தது, அன்னமய்யாவிலோ ஒரு மதகு பழுதாகித் திறக்கவே முடியவில்லை.

எங்கள் ஊர்க் குளம் தப்பித்தது. மழை விட்ட பிறகு மடைக்கு வலப்பக்கம் கரையடியில் ஊற்று கிளம்பியது. தண்ணீர் குமிழி விட்டு மேலே வருகிறது, அதைச் சுற்றி மாவு மாதிரி நைஸ் மணல் வட்டமாகக் குவிந்துகொண்டே போகிறது. பையன்கள் சாக்கைச் சுருட்டி ஓட்டையில் திணிக்கப் போனார்கள். முன்பு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவர் அதட்டி நிறுத்திவிட்டு, பிளாஸ்டிக் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அசையாமல் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அடியில் ஒரு விரற்கடைக்கு மண் படிந்தது. தெளிந்த கசிவு எல்லா மண்கரையிலும் இருக்கும், கலங்கலாக வந்தால் கரையின் வயிற்றிலிருந்து மண் போகிறது என்று அர்த்தம். வெளிவாயை அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தைப் பொத்துக்கொண்டு வரும். அதனால் ஊற்றைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மணல்மூட்டை வளையம் கட்டி, உள்ளே முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, பிறகு பெரிய ஜல்லி போட்டோம். வளையத்துக்குள் தண்ணீர் ஏற ஏற ஊற்றின் வேகம் தணிந்தது, சாயங்காலம் தெளிந்த தண்ணீர் வந்தது. பிறகும் இரண்டு ராத்திரி ஆள் போட்டுக் காவல் இருந்தோம்.

வன்னிக்கமம் (முல்லைத்தீவு):

எங்கள் பக்கம் கலுங்கு, மறுகால் எல்லாம் வான் தான், மதகு என்றால் துருசு. மற்றபடி கதை ஒன்றுதான். பெருமழை இல்லாத நாளிலும் குளக்கட்டு உடையும் என்பதற்குத் திருகோணமலைப் பக்கத்துக் கந்தளாய்க் குளம் இருக்கிறது. 1986 ஏப்ரல் 20, விடியுமுன் ஆட்கள் நித்திரையில் இருக்கும்போது உடைத்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பழைய பெரிய குளம், இத்தனை காலம் நின்றதுதானே என்று யாரும் சொல்ல ஏலாது.

அதனால் நான் துருசை விட்டு அசைய மாட்டேன். மண்ணும் கட்டும் சேருகிற இடத்தில்தான் தண்ணீர் வழி தேடும், கொங்கிரீட்டை ஒட்டி மண்ணை இறுக்குவது லேசான வேலை இல்லை. வானின் இறக்கைச் சுவருக்குப் பின்பக்கமும் அப்படித்தான். போன கால போகத்துக்கு (மாரி நெல் விதைப்புக்கு) முன்பு கமக்காரர் அமைப்புக்காரரோடு பார்க்கப் போனோம், சுவர் வெளிப்பார்வைக்கு அருமையாகப் பூசியிருந்தது, பின்னால் கம்பியை விட்டால் முழங்கை வரை மண்ணே இல்லை. அறிக்கையில் "நன்று" என்று போட்டிருந்தார்கள்! போட்டோ எடுத்து கமநல சேவை நிலையத்தில் கொடுத்தோம், வெட்டித் திறந்து களிமண் போட்டு இடித்து இறுக்கிய பிறகுதான் விட்டோம். இன்னொன்று, மணல் டிப்பரைக் கட்டின் மேல் விடாதீர்கள். சில்லு (சக்கரம்) ஓடி ஓடித் தாழ்ந்த இடத்தில்தான் வெள்ளம் முதலில் ஏறும்.

கம்மாய்வாசி:

தம்பி சொன்ன அந்தத் தாழ்ந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. கொத்தனார் வைத்திருக்கிற டியூப் லெவல் போதும், கலுங்குத் தளத்தில் ஆரம்பித்துக் கரையின் தலைமேல் இருபது முப்பது அடிக்கு ஒருதரம் பிடித்துக்கொண்டே போங்கள். எங்கள் கம்மாயில் மாடு இறங்குகிற இடத்தில் முக்கால் அடி பள்ளம் இருந்தது, நடந்து போகும்போது யாருக்கும் தெரிந்ததில்லை. கலுங்கு மட்டமும் கரை மட்டமும் முதலில் என்னவாக இருந்தன என்பது பழைய கம்மாய்க் குறிப்பேட்டில் இருக்கும், 1880-களில் மெட்ராஸ் மாகாணத்தில் ஏரிச் சீரமைப்பு ஆரம்பித்தபோது எழுதத் தொடங்கியது. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) என்றால் நீர்வளத்துறையில் கேளுங்கள், அதற்குக் கீழே ஒன்றிய அலுவலகம்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும்தான். நம் கம்மாய்கள் அநேகமாக அதில் வராது.

சீமைக் கருவேலத்தைப் பற்றியும் கேட்பீர்கள். கரைமேல் செடியாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை அப்படியே விட்டால் அது மக்கி உள்ளே குழாய் மாதிரி பொந்தாகும், மழைக்கு நாலு நாள் இருக்கும்போது ஜேசிபி வைத்துப் பிடுங்கினால் பொளபொளத்த குழி மிஞ்சும். கோடையில் தோண்டி எடுத்து, அடுக்கடுக்காக ஈரமண் போட்டு இடித்து மூட வேண்டும்.

கலுங்குக்குக் கீழே ஓடையையே காணோம், வயலாகிவிட்டது என்கிற ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எங்களுக்கும் அந்தத் தொல்லை இருக்கிறது, புலப்படம் வாங்கி அளந்து கல் நட்டவர்கள் எந்த அலுவலகத்தில் ஆரம்பித்தீர்கள் என்று தெரிந்தால் நல்லது.