ஹெடர் மாறியும் பழைய ஆப்ஜெக்டே வந்தது: கம்பைலர் கேஷில் பட்ட அனுபவங்கள்

வாவிக்கரை, கல்லடி:

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் சி++ எழுதுகிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள். போன கச்சான் காலத்தில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இதே மாதிரிப் பட்டவர்கள் கீழே தொடருங்கள்.

நான் வீட்டிலிருந்து வேலை செய்கிறவன். பெரிய சி++ திட்டம் ஒன்று; முழுவதையும் கம்பைல் பண்ண, அதாவது மெசின் ஓட்டுகிற வடிவத்துக்கு மாற்ற, என் மடிக்கணினிக்கு முக்கால் மணித்தியாலம் போகும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் அறை அடுப்பங்கரை மாதிரிக் காயும். மெசின் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், முக்கால் மணித்தியாலம் ஒன்றேகால் ஆகும். அதனால் எங்கள் குழு இரண்டு வழிகளைச் சேர்த்துப் பிடித்தது. ஒன்று பிரீகம்பைல்ட் ஹெடர், சுருக்கமாக பிசிஎச். எல்லா பைலும் கேட்கிற ஹெடர்களை, அதாவது பொது வரையறைகள் இருக்கிற பைல்களை, கம்பைலர் ஒரே தடவை அலசி, அந்த நிலையை அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கும். நாங்கள் பாவிக்கிற ஜிசிசி என்ற கம்பைலர் அதற்கு .ஜிசிஎச் என்று வால் போடும். மற்றது கம்பைலர் கேஷ். மூலமும் ஆப்ஷன்களும் முன்பு பார்த்ததுதான் என்றால், முன்பு கம்பைல் பண்ணி வந்த ஆப்ஜெக்ட் பைலையே எடுத்துத் தந்துவிடும்.

உலகம் முழுக்கப் பாவிக்கிற கேஷ் சிகேஷ். 2002ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதியது, 2010 முதல் ஜோயல் ரோஸ்டால் பராமரிக்கிறார். நாங்கள் பாவித்தது அதுவல்ல. எங்கள் குழு தன் தேவைக்கென்று சொந்தமாக எழுதிய சிறிய கருவி. பிழை அதில்தான் இருந்தது.

ஒருநாள் பொது ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்டின் நடுவில் புதிதாக ஒரு இன்ட் புலம் சேர்த்தேன். பில்ட் ஓடியது, எந்த முறைப்பாடும் இல்லை. புரோகிராமைத் திறந்தால் விலை வர வேண்டிய கட்டத்தில் திகதி இலக்கம் நிற்கிறது. சில திரைகளில் சரி, சில திரைகளில் பிழை. கட்டியதையெல்லாம் அழிக்கிற மேக் கிளீன் கட்டளை கொடுத்தேன், அதே பிழை. பில்ட் டிரக்டரியையே அழித்துவிட்டு மறுபடி கட்டினேன், பிறகும் அதே பிழை. ஐந்து நிமிடத்தில் கட்டி முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் முடிகிறதென்றால் எல்லாம் கேஷில் இருந்து வருகிறது. கடைசியில் கேஷைக் காலி பண்ணினேன். பிழை போய்விட்டது. ஒரு கிழமை கழித்து வேறொரு ஹெடரில் திரும்ப வந்தது.

இரண்டு இரவு இருந்து பார்த்ததில் காரணம் பிடிபட்டது. எங்கள் கருவி ஜிசிசியை ப்ரீப்ராசஸ் மட்டும், அதாவது ஹெடர்களைப் பைலுக்குள் விரித்துப் போடுகிற முதற்படியை மட்டும், செய்யச் சொல்லி, வருகிற உரையை ஹேஷ் பண்ணும்; கைரேகை மாதிரி ஒரு இலக்கம் எடுக்கும். ஜிசிசி அப்படி ஓடும்போது, தனியாக ஒரு ஆப்ஷன் கொடுத்தால் ஒழிய, .ஜிசிஎச்சைத் தொடாது, மூல ஹெடரைத்தான் வாசிக்கும். ஆனால் கம்பைல் பண்ணும்போது பக்கத்தில் கிடக்கிற .ஜிசிஎச்சை எடுத்துக்கொள்ளும். ஹேஷ் போட்டது ஒரு பைலுக்கு, கம்பைல் ஆனது இன்னொரு பைலோடு.

அதோடு எதற்குப் பிறகு எதைக் கட்ட வேண்டும் என்று சொல்கிற எங்கள் மேக்பைலில் ஒரு வரி விடுபட்டிருந்தது. ஆப்ஜெக்ட்களுக்கு முன் .ஜிசிஎச் முடிந்திருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எட்டு வேலை ஒரே நேரத்தில் ஓடும்போது, .ஜிசிஎச் புதிதாகி முடிவதற்கு முன்பே ஐந்தாறு பைல்கள் பழைய .ஜிசிஎச்சோடு கம்பைல் ஆகிவிடும். ஹெடரை விட .ஜிசிஎச் பழையதா என்று ஜிசிசி பார்ப்பதில்லை, அது பில்ட் எழுதுகிறவர் பொறுப்பு. இப்படிப் பிறந்த பழைய ஆப்ஜெக்ட், புதிய ஹெடரின் ஹேஷோடு கேஷுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை தரம் அழித்துக் கட்டினாலும் அந்த நஞ்சையே எடுத்துத் தரும்.

மேக்பைல் வரியைச் சேர்த்தேன். அது போதாது, கேஷையும் திருத்த வேண்டும். .ஜிசிஎச் இருந்தால் அதன் உள்ளடக்கத்தையும் ஹேஷில் சேர்க்கச் சொன்னேன். எங்களுடையது 180 எம்பி. ஒவ்வொரு சி++ பைலுக்கும் 180 எம்பியை வாசித்து ஹேஷ் பண்ணினால் கேஷ் வைத்த பயன் போய்விடும். சிகேஷில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: .ஜிசிஎச்சுக்குப் பக்கத்தில் .சம் என்று முடிகிற சின்ன பைல் இருந்தால், பெரியதை விட்டு அந்தச் சின்னதை ஹேஷ் பண்ணச் சொல்லலாம். அதையே நானும் செய்தேன். ஆனால் .சம் பைலை .ஜிசிஎச் கட்டுகிற அதே கட்டளைக்குள் எழுத வேண்டும். தனியாக ஒரு படியில் எழுதினால் பழைய நோய் புதிய பெயரில் வரும்.

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. திருத்தத்துக்கு டெஸ்ட் எழுதினேன். பழைய .ஜிசிஎச்சை வைத்துக்கொண்டு ஹெடரை மட்டும் மாற்று, கம்பைல் பண்ணு, பிறகு .ஜிசிஎச்சைப் புதுப்பி, திரும்பக் கம்பைல் பண்ணு. ஸ்ட்ரக்டின் அளவு புதியதாக வர வேண்டும். ஓடியது, பச்சை. அனுப்ப முன் ஏதோ மனம் கேட்கவில்லை. திருத்தத்தைப் பின்வாங்கிவிட்டு அதே டெஸ்டை ஓட்டினேன். அப்போதும் பச்சை.

அந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றது. பிழை உயிரோடு இருக்கிறது, டெஸ்ட் அதைப் பார்க்கவே இல்லை. ஜிசிசிக்கு பெரிய எச் ஆப்ஷன் கொடுத்தேன். அது எடுக்கிற ஒவ்வொரு ஹெடரையும் வரி வரியாக எழுதும். பிசிஎச் செல்லுமென்றால் பெயருக்கு முன்னால் ஆச்சரியக்குறி, செல்லாதென்றால் எக்ஸ். என் டெஸ்டில் எக்ஸ் நின்றது. .ஜிசிஎச்சை டீபக் தகவல் இல்லாமல் கட்டிவிட்டு, சி++ பைலை டீபக் ஆப்ஷனோடு கம்பைல் பண்ணியிருக்கிறேன். ஜிசிசி அதை ஒத்துக்கொள்ளாது. சத்தம் போடாமல் பிசிஎச்சை ஒதுக்கிவிட்டு மூல ஹெடருக்குப் போய்விடும். பிசிஎச்சுக்கென்று எழுதிய டெஸ்டில் பிசிஎச்சே ஓடவில்லை.

ஆப்ஷன்களை ஒன்றாக்கினேன். எக்ஸ் ஆச்சரியக்குறி ஆனது, திருத்தம் இல்லாத கேஷில் டெஸ்ட் சிவப்பானது. அந்தச் சிவப்பைப் பார்த்தபோது வந்த நிம்மதி பச்சையைப் பார்த்தபோது வரவில்லை. அதற்குப் பிறகுதான் திருத்தத்தைத் திரும்பப் போட்டேன். செல்லாத பிசிஎச் என்ற எச்சரிக்கையைத் தருகிற ஆப்ஷனைப் பிழையாகவே மாற்றி, எல்லா டெஸ்டிலும் போட்டு வைத்திருக்கிறேன்.

—

அக்கரைப்பற்று மாணவி:

அண்ணா, நான் ஒலுவில் கம்பஸில் இறுதி வருடம். எனக்கு நடந்தது கிளாங் என்ற மற்றக் கம்பைலரில், உங்களுடையதுக்கு நேர்மாறு. உங்களுக்குப் பிழை சத்தமில்லாமல் போனது, எனக்குக் கத்திக்கொண்டே வந்தது. புரொஜெக்டுக்கு சிகேஷும் பிசிஎச்சும் போட்டேன். கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட்டில் ஒரு கிளைக்குப் போய்த் திரும்பி வந்தால், பிசிஎச் கட்டிய பிறகு ஹெடர் மாற்றப்பட்டிருக்கிறது என்று கிளாங் நிறுத்திவிடும். ஹெடரில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை!

இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. கிட் கிளை மாறித் திரும்பும்போது பைலை மறுபடி எழுதுகிறது, அதனால் அதன் நேரம் புதிது. உள்ளடக்கம் பழையதுதான் என்பதால் சிகேஷ் முன்பு வைத்த பிசிஎச்சையே எடுத்துக் கொடுக்கிறது. அந்தப் பிசிஎச்சுக்குள் ஹெடரின் பழைய நேரம் எழுதியிருக்கிறது. கிளாங் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மறுக்கிறது. பிசிஎச்சுக்குள் நேரத்தை எழுதாதே என்று சொல்கிற ஆப்ஷன் கிளாங்கில் இருக்கிறது. அதைக் கொடுத்ததும் நின்றது. சிகேஷின் கைநூலிலேயே அது சொல்லியிருக்கிறது, நான் அந்தப் பக்கத்தை வாசிக்காமல் விட்டிருந்தேன்.

ஒரு சந்தேகம். பிசிஎச் வேலை செய்ய ஸ்லாப்பினஸ் என்ற அமைப்பில் பிசிஎச் டிஃபைன்ஸ், டைம் மேக்ரோஸ் இரண்டையும் போட வேண்டும் என்கிறார்கள். கண்டிப்பைத் தளர்த்து என்றுதானே அதற்கு அர்த்தம்? பயமாக இருக்கிறது, போடலாமா?

—

வாவிக்கரை, கல்லடி:

தங்கச்சி, பயந்து கேட்டது நல்லது. பிசிஎச் இடையில் வரும்போது, திகதியும் நேரமும் தருகிற மேக்ரோக்கள் உள்ளே பாவிக்கப்பட்டிருக்கிறதா என்று சிகேஷுக்குத் தெரியாது. சோர்ஸ் பைலில் எழுதுகிற டிஃபைன் மாற்றங்களையும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதனால், உன் சம்மதம் இல்லாமல் நான் பிசிஎச்சுக்குக் கை வைக்க மாட்டேன் என்று நிற்கிறது. நீ அந்த இரண்டையும் போட்டால் பொறுப்பு உன்னுடையது. உன் கோட்டில் அந்த மேக்ரோக்கள் இருக்கிறதா என்று ஒரு தேடல் போட்டுப் பார். டிஃபைன்களைக் கம்பைலர் ஆப்ஷனாகவே கொடு. இரண்டும் சரியென்றால் போடலாம்.

—

சாய்ந்தமருது நானா:

எல்லாருக்கும் ஸலாம். தம்பி எழுதினத வாசிச்சிட்டு எனக்கும் ஒண்டு ஞாபகம் வந்திச்சு.

நான் பொடியன்மாருக்கு கம்பியூட்டர் வகுப்பு நடத்துறன். எல்லாம் பழைய மெசின்கள், அதால சிகேஷ் போட்டு ஓட்டுறதுதான் வழக்கம். 2022 மார்ச் கடைசி ஞாபகம் இரிக்கும், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாள். அந்தக் காலத்தில நாலு மெசின்ல மட்டும் சிகேஷ் மந்தமாப் போச்சு. ஹிட் வருகுது, அதாவது கேஷில இருந்து ஆப்ஜெக்ட் கிடைக்குது, ஆனா எல்லாமே ப்ரீப்ராசஸ் பண்ணித்தான் வருகுது. ப்ரீப்ராசஸ் பண்ணாமலே வாற டைரக்ட் எண்ட கணக்கு பூச்சியத்திலயே நிக்குது. பொடியன்மார் கேஷ் பழுது எண்டாங்க.

லொக் பைலைத் திறந்து பார்த்தன். ஒவ்வொரு ஹெடருக்கும் இது மிச்சம் புதுசு எண்டு எழுதிக் கிடக்கு. கம்பைல் தொடங்குற நேரத்துக்குப் பொறகு மாறின ஹெடர் எண்டா சிகேஷ் நம்பாது, பாதி எழுதிக்கிட்டு இரிக்கிற பைலா இரிக்கலாம் எண்டு டைரக்ட் வழியை மூடிரும். அது சரியான பாதுகாப்புத்தான். ஆனா போன வருசம் எழுதின ஹெடர் எப்பிடிப் புதுசாகும்?

மூலையில மணியைப் பாருங்க எண்டன். மெசின்ட திகதி 2009ல நிக்குது! போட்ல இரிக்கிற காசு பெட்டரி செத்துப் போயிருக்கு. முந்தி கரண்ட் நிக்காததால தெரியல்ல. இப்ப நாளைக்கு ரெண்டு தரம் கரண்ட் போக, மெசின் ஒவ்வொரு தரமும் பழைய காலத்துக்குப் போய் ஒழும்புது. ஹெடர் எல்லாம் அதுக்கு எதிர்காலத்துப் பைல். நாலு பெட்டரி வாங்கிப் போட்டன், திகதியைச் சரிபண்ணினன், டைரக்ட் ஹிட் வந்திச்சு.

பொடியன்மாரிட்ட சொன்னன், மனே, கேஷுக்குக் கோபிக்க முந்தி லொக்க வாசிங்க எண்டு.

—

வாவிக்கரை, கல்லடி:

நானா, நீங்கள் சொன்னது என் டெஸ்டுக்கும் உதவுகிறது. என் டெஸ்டுகளை சிகேஷோடும் ஓட்டிப் பார்த்தபோது சிலது ஒருநேரம் பச்சை, ஒருநேரம் சிவப்பு. அப்போதுதான் கட்டிய .ஜிசிஎச் அதே செக்கனில் பாவிக்கப்படுவதால்தான் அது. முதலில் இரண்டு செக்கன் தூங்கச் சொல்லி எழுதினேன்; நாற்பது டெஸ்டுக்கு அது வீண் நேரம். இப்போது .ஜிசிஎச் கட்டியதும் டச் கட்டளையால் அதன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறேன்.

—

வந்தாறுமூலை வாசகர்:

மேக்பைலைக் கையால் எழுதாமல் தானே எழுதித் தருகிற சிமேக் கருவியை நான் பாவிக்கிறேன். 3.16ல் வந்த பிசிஎச் வசதியை வைத்தால் இந்தச் சிக்கல்கள் வராதா?

—

வாவிக்கரை, கல்லடி:

பாதிச் சிக்கல் வராது. சிமேக் .ஜிசிஎச்சுக்கும் ஆப்ஜெக்ட்களுக்கும் நடுவில் உள்ள தொடர்பைத் தானே எழுதிவிடும், என் மேக்பைல் பிழை உங்களுக்கு நேராது. ஹெடரை இன்க்ளூட் ஆப்ஷனால் கட்டளை வரியிலேயே கொடுக்கும். சிகேஷுக்கு அந்த முறைதான் வேண்டும். சோர்ஸ் பைலுக்குள் ஹாஷ் இன்க்ளூட் என்று எழுதினால், ஜிசிசிக்கு எஃப்-பிசிஎச்-ப்ரீப்ராசஸ் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மூல ஹெடரே எடுக்கப்படும், பிசிஎச் சும்மா கிடக்கும். ஸ்லாப்பினஸ் அமைப்பை மட்டும் நீங்களே போட வேண்டும்.

—

அக்கரைப்பற்று மாணவி:

அண்ணா, இன்றைக்கு என் புரொஜெக்டை ஜிசிசியில் பெரிய எச் ஆப்ஷனோடு ஓட்டிப் பார்த்தேன். பதினேழு பைலில் பதினாறுக்கு ஆச்சரியக்குறி, ஒன்றுக்கு எக்ஸ். அந்த ஒரு பைலுக்கு மட்டும் நான் எப்போதோ ஒரு மேக்ரோவைத் தனியாக ஆப்ஷனில் கொடுத்து வைத்திருக்கிறேன். நாலு மாதமாக அது பிசிஎச் இல்லாமலே கம்பைல் ஆகிக்கொண்டிருந்திருக்கிறது. மேக்ரோவை எடுத்துவிட்டேன். இப்போது பதினேழும் சரி.