கோபுரம் தெரிந்தால் மாமியார் ஓட்டு அவருக்கே: எங்கள் ஞாயிறு போட்டோ போட்டியை எப்படிச் சரிசெய்வது?

மாடவீதி மருமகள்:

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில், கபாலீஸ்வரர் கோயில் குளத்திலிருந்து நாலு நிமிட நடை. இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கும் வீட்டுக்காரருக்கும் ஒரு போட்டி நடக்கிறது. காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் சீட்டு எழுதிப் போட்டு வைத்திருக்கிறோம்: நிழல், பச்சை, கை, எடை, இரும்பு, இந்த மாதிரி. ஒரு சீட்டு எடுப்போம். 6 மணிக்கு ஆளுக்கொரு பக்கம் கிளம்பி 7 மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். வடக்கே கச்சேரி சாலை, மேற்கே ஆர்.கே. மட சாலை, தெற்கே மந்தைவெளி பேருந்து நிலையம், இதைத் தாண்டக் கூடாது. கடற்கரைக்கும் தடை. சூரிய உதயம் யார் எடுத்தாலும் நன்றாகத்தான் வரும், அதில் என்ன போட்டி?

ஆளுக்கு ஒரு படம் நடுவரிடம் போகும். தோற்றவருக்கு அந்த வாரம் முழுக்கக் காலைக் காபி டியூட்டி. 8 வாரத்தில் 7 வாரம் நான்தான் போட்டேன்.

அவரிடம் கேனான் கேமரா, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் 55-250 லென்ஸ். என்னிடம் போன். சரி, அதைக்கூட விடுங்கள். நடுவர் என் மாமியார். படத்தில் எங்காவது கோபுரம் தெரிந்தால் போதும், கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தப் படத்துக்கே ஓட்டு. இவர் இதை மூன்றாவது வாரமே கண்டுபிடித்துவிட்டார். "எடை" சீட்டு வந்த அன்று நான் வடக்கு மாட வீதியில் காய்க்காரம்மாவை எடுத்தேன். தராசு முள் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிற முகம். இவர் வாழையிலைக் கட்டைத் தலையில் சுமந்து வருபவரைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தார், பின்னால் மங்கலாகக் கோபுரம். "கபாலி கோயில் தெரியறதே!" என்றார் மாமியார். முடிந்தது கதை.

நான் ஜெயித்த ஒரே வாரம் "கை". தெற்கு மாட வீதிப் பூக்காரம்மாவிடம் கேட்டேன். "ரெண்டு முழம் வாங்கிக்கோ, எத்தனை வேணா எடு" என்றார். வாழைநாரை இழுத்து முடிச்சுப் போடும் விரல்கள் மட்டும். மாமியார் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சுண்டு விரலை இப்படித்தான் மடக்கணும், நீ கட்டும்போது நீட்டிண்டிருக்கே" என்று எனக்கே பாடம் எடுத்தார். அன்று இவர் படத்தில் கோபுரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி இதுதான். லென்ஸ் வித்தியாசத்தை எப்படி ஈடுகட்டுவது? நடுவரை மாற்றாமல் (மாற்றினால் நான் இந்த வீட்டில் இருக்க முடியாது) தீர்ப்பை எப்படி நேராக்குவது?

பழைய ஸ்டுடியோக்காரன்:

லென்ஸ் சங்கதி சுலபம். கேமராவோடு வந்த 18-55 லென்ஸ் வீட்டில் எங்காவது கிடக்கும், தேடி எடுங்கள். இந்த எண் (மி.மீ.) குறையக் குறைய அகலமாகத் தெரியும், தூரத்தை இழுக்க முடியாது. 18-இல் வைத்து ஜூம் வளையத்தின் மேல் செலோ டேப் ஒட்டிவிடுங்கள். போனோடு ஒப்பிட, கேனானின் சின்ன சென்சாருக்காக அந்த 18-ஐ 1.6 ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 29 வரும். போனின் மெயின் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26. ஏறக்குறைய சமம். இனி வாழையிலைக்காரரிடம் அவரும் நடந்துதான் போக வேண்டும்.

அடுத்து, படங்களை எண்ணுங்கள். எங்கள் காலத்தில் ஒரு பிலிம் ரோலுக்கு 36 படம். பார்த்து லோடு பண்ணினால் 37, 38 வரை இழுப்போம். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்து வியர்த்த அனுபவம் எனக்கு உண்டு, அதனால் எண்ணுகிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒரு மணி நேரத்துக்கு 12 தாராளம். எடுத்ததை அழிக்கக் கூடாது.

அப்புறம், போனில் காட்டி ஓட்டு வாங்காதீர்கள். அந்த வெளிச்சத்தில் எல்லாமே பளபளக்கும். இரண்டையும் மேக்ஸி சைஸ் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் நம்பர் மட்டும் எழுதிக் கொடுங்கள். பூக்காரம்மாவுக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுத்துவிடுங்கள். அடுத்த தடவை அவரே கூப்பிடுவார்.

குளக்கரை வாசி:

உங்கள் வீட்டுக்காரர் கிழக்கு மாட வீதிப் பக்கமாகத்தான் சுற்றுகிறார் என்று அடித்துச் சொல்வேன். குளம் கோயிலுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் குளக்கரையில் நின்றால் சூரியன் கோயிலுக்குப் பின்னால், கோபுரம் கரிக்கட்டை மாதிரிதான் விழும். 1906-இல் கட்டிய கிழக்குக் கோபுரம், 37 மீட்டர் உயரம், அதன் முகத்தில் காலை வெயில் நேராக அடிக்கும். போட்டியை மாலை 5 மணிக்கு மாற்றிப் பாருங்கள். அவர் வழக்கமாக நிற்கிற இடம் இருண்டுவிடும், நீங்கள் ஆர்.கே. மட சாலைப் பக்கம் நின்று மேற்குக் கோபுரத்தைத் தண்ணீரோடு எடுக்கலாம். மாமியாரை அவர் ஆயுதத்தாலேயே மடக்குங்கள்.

ஒரே நஷ்டம், கோலம். வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள், தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போது மாக்கோட்டுக்குக்கூட நிழல் இருக்கும். மாலையில் அது மிதிபட்டுப் போயிருக்கும்.

சும்மா வந்தேன்:

கோபுரம் தெரிந்தால் அவுட். ஒரு வரி விதி. இதற்கு எதற்கு 1.6 பெருக்கலும் சூரியன் திசையும்?

மாடவீதி மருமகள்:

எல்லோருக்கும் நன்றி. டேப், 12 படம், பிரிண்ட், கோபுரத் தடை நாலையும் எடுத்துக்கொண்டோம். நேரத்தை மட்டும் மாற்றவில்லை, எனக்குக் கோலம் வேண்டும்.

நேற்று வந்த சீட்டு "காத்திருப்பது". நான் லஸ் முனைக்குப் போனேன். மெட்ரோ வேலைக்கு அடித்த தகரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பேப்பர் போடுகிறவர் ஒருவர் மடித்த கட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிறு இணைப்பு வந்து சேரவில்லையாம். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "முகம் கழுவலையே" என்றார், ஆனாலும் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். 8 படத்தில் முடித்துவிட்டேன். இவர் 6.25-க்கே 12-ஐயும் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். டேப்பைப் பிரித்துப் பார்த்த அடையாளம் ஒன்றும் இல்லை, சோதித்துவிட்டேன்.

அவர் படம் நன்றாகவே இருந்தது. ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ, ஹேண்டில் பாரில் கால் போட்டுத் தூங்கும் டிரைவர். கோபுரம் கிடையாது. பிரிண்ட் போட்டு, பென்சில் நம்பரோடு மாமியாரிடம் கொடுத்தோம். என் படத்தைப் பார்த்து, "பாவம், எத்தனை நாழியா உட்கார்ந்திருக்கானோ" என்றார். எனக்குக் காபி வாசனையே வந்துவிட்டது. அப்புறம் இவர் எடுத்த படத்தைக் கையில் வாங்கினார். கண்ணாடிகூடப் போடவில்லை. கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

நாங்கள் இரண்டு பேரும் வாங்கிப் பார்த்தோம். ஆட்டோவின் பக்கக் கண்ணாடியில், நகக்கண் அளவுக்குக் கோபுரம். எடுக்கும்போது பார்க்கவே இல்லை என்று இவர் சத்தியம் செய்கிறார். கண்ணாடியில் தெரிவது பிம்பம்தானே, கோபுரம் ஆகுமா என்று வாதம் வேறு. தீர்ப்பு வராததால் இன்று காலை யாரும் காபி போடவில்லை, மாமியார் உள்பட மூன்று பேரும் தெருமுனைக் கடையில் குடித்தோம். இது அவுட்டா இல்லையா?

சும்மா வந்தேன்:

தெரிந்தால் அவுட் என்றுதான் சொன்னேன். மாமியாருக்குத் தெரிந்துவிட்டது. அவுட்.