சோகி, வெத்திலை, பூ: குடும்பக் குழுவில ஒரு பின்னேரக் கதை

தம்பி: மாமா, குறி பாக்கிறதில புதுசாப் பழகிறவன் எதில தொடங்கலாம்? சோகி (சோழி), வெத்திலை, டாரோட் சீட்டு எண்டு கனக்க இருக்கு.

பெரிய மாமா: முதல்ல கேள்வி கேக்கப் பழகு. "கந்தளாய் வேலைக்குப் போகவோ, இங்கயே இருக்கவோ" எண்டா அது ரெண்டு கேள்வி. "கந்தளாய் வேலைக்கு இந்த மாசம் சேரலாமோ" எண்டு ஒண்டாக் கேள். கொப்பியில எழுதித் திகதியும் போட்டிட்டுத்தான் கை வைக்கோணும். எழுதாமல் பாத்தா, வந்த பதிலுக்கு ஏத்த மாதிரிக் கேள்வியை மனம் மாத்திப்போடும்.

சின்னம்மா: பூவில தொடங்கு மகன். சிவப்பு ஒண்டு, வெள்ளை ஒண்டு, ரெண்டையும் தனித்தனிப் பொட்டலமாக் கட்டி, சாமிக்கு முன்னால வைச்சு, சின்னப்பிள்ளை ஒண்டைக் கொண்டு எடுப்பிக்கிறது. எது "ஓம்", எது "வேண்டாம்" எண்டு கட்ட முந்தியே முடிவெடுக்கோணும்.

அக்கா: பூவைத் தெரியிறதிலதான் கனபேர் பிழை விடுறவை. செவ்வரத்தையும் மல்லிகையும் வைச்சா ஒண்டு தடிப்பு, மற்றது மணம். பிள்ளைக்குக் கை வைக்க முந்தியே விளங்கிடும். சிவப்பு வெட்சி, வெள்ளை வெட்சி எண்டு ஒரே இனத்தில எடுங்கோ, ரெண்டிலயும் அஞ்சஞ்சு பூ. வாழையிலையில கட்டுறதெண்டா துடைச்சுக் காய விடுங்கோ. ஈர இலையில சிவப்பு வெளியால தெரியும். அலரி மட்டும் வேண்டாம், நஞ்சு. பிள்ளை கையை வாயில வைச்சிடும்.

தம்பி: திருமுறையில கயிறு சாத்திப் பாக்கிறது எண்டிறது?

பெரிய மாமா: அது பழைய முறை. அச்சுதகளப்பாளர் பிள்ளையில்லாமல் இருந்தநேரம் அவற்ர குரு சகலாகம பண்டிதர் கயிறு சாத்திப் பாத்தார். சம்பந்தற்ர திருவெண்காட்டுப் பதிகத்தில "பேயடையா பிரிவெய்தும்" எண்ட பாட்டு வந்துது. அதுக்குப் பிறகு பிறந்த பிள்ளைதான் சிவஞானபோதம் தந்த மெய்கண்டார்.
புத்தகத்தை மூடி வைச்சு, கண்ணை மூடிக்கொண்டு, விளிம்புப் பக்கத்தால நூலைச் செருகு. இடப்பக்கமோ வலப்பக்கமோ, மேலயிருந்து எத்தினையாம் பாட்டு எண்டதை முன்னமே சொல்லி வை.

அக்கா: புத்தகத்தைத் தானா விரிய விடாதையுங்கோ. எங்கட ஊர்ப் புத்தகங்கள் எல்லாம் மூண்டாம் திருமுறையில "நிரைகழல் அரவம்" இருக்கிற இடத்திலதான் விரியும். திருகோணமலைக் கோணேசர் பதிகம், தினம் பாடிப் பாடி முதுகு அங்க மடிஞ்சு போயிருக்கும். அது கயிறு சொன்ன பதில் இல்லை.

தம்பி: 😀 சரி அக்கா. சோகி?

பெரிய மாமா: அது அஷ்டமங்கலப் பிரசன்னம் எண்ட கேரளத்துக் குறி முறையில ஒரு பகுதி. ஒரே அளவான சோகி 108 வேணும். கிடைக்காட்டி புளியங்கொட்டையில பழகு. பாயில குவிச்சு, ரெண்டு கையாலயும் கலைச்சு, எண்ணாமல் இடது, நடு, வலது எண்டு மூண்டாப் பிரி. ஒவ்வொரு குவியலிலயும் எட்டெட்டாத் தள்ளு. மிஞ்சிறதுதான் பதில். மிச்சமே இல்லாட்டி 8 எண்டு எடு.
1 சூரியன், 2 செவ்வாய், 3 வியாழன், 4 புதன், 5 வெள்ளி, 6 சனி, 7 சந்திரன், 8 ராகு. இடது நடந்தது, நடு நடக்கிறது, வலது நடக்கப்போறது. ஒற்றை நல்லது, இரட்டை தடங்கல்.

பெரிய மாமா: உதாரணம்: இடது 37, நடு 41, வலது 30. மிச்சம் 5, 1, 6. வெள்ளி, சூரியன், சனி. நடந்ததும் நடக்கிறதும் நல்லம், வரப்போறதில சுணக்கம்.
இப்ப முக்கியமானது. மூண்டு மிச்சத்தையும் கூட்டு. 4, 12, 20 இதில ஒண்டுதான் வரலாம், ஏனெண்டா 108ஐ எட்டால பிரிச்சா மிச்சம் 4. இங்க 5+1+6=12, சரி. வேற எது வந்தாலும் எண்ணினது பிழை, இல்லாட்டிச் சோகி கூடிக் குறைஞ்சிருக்கு. ஒரு குவியலில இருந்து மற்றதுக்கு ஒண்டு உருண்டு போனா மட்டும் இந்தக் கணக்கு காட்டாது. அதால குவியலுக்கு இடையில ஒரு முழம் விடு.

சின்னம்மா: வெத்திலைக்கும் கணக்கு இருக்கெல்லோ அண்ணா?

பெரிய மாமா: ஓம். கேக்க வாறவர் கொண்டு வாற வெத்திலையை எண்ணி, பத்தால பெருக்கி, ஒண்டு கூட்டி, ஏழால பிரிக்கோணும். மிச்சம் 1 ஞாயிறு, 2 திங்கள் எண்டு கிழமை வரிசையில கிரகம். மிச்சம் இல்லாட்டி சனி. 25 வெத்திலையெண்டா 251, மிச்சம் 6, வெள்ளி.
பிறகு முதல் 12 இலையும் சாதகத்தில இருக்கிற 12 வீடு. காலமையெண்டா மேலயிருந்து, மத்தியானத்துக்குப் பிறகெண்டா கீழயிருந்து எடு. முதலாவது கேக்கிறவற்ர உடம்பு, ரெண்டு காசும் குடும்பமும், நாலு தாயும் வீடும், ஏழு துணை, பத்து தொழில். கிழிசல், ஓட்டை, வாடல் எந்த இலையிலயோ அந்த வீட்டில குறை.

அக்கா: கடையில எண்ணிக் கட்டின வெத்திலையை அப்பிடியே கொண்டு வரக்கூடாது. 40 எண்டு கட்டியிருந்தா 401, மிச்சம் 2. ஆர் வந்தாலும் திங்கள்தான், சந்திரன்தான். கட்டை அவிட்டு, கேக்கிறவர் எண்ணாமல் கையால அள்ளோணும். 12க்குக் குறைஞ்சா வீடு காணாது.

தம்பி: டாரோட், தேயிலைக் கோப்பை?

அக்கா: டாரோட் 78 சீட்டு. 22 பெரியது, 56 சின்னது. முதல் மாசம் 22ஓட நில், நாளுக்கு ஒண்டு.
தேயிலைக்கு டஸ்ட் எண்ட தூள் சரிவராது, அடியில சேறு மாதிரிப் படியும். பெரிய இலை ஓ.பி. (ஒறேஞ் பீக்கோ) வாங்கு. வடிகட்டாமல், பால் இல்லாமல், உள்ளுக்கு வெள்ளையான கோப்பையில ஊத்து. ஒரு தேக்கரண்டி மிஞ்சக் குடிச்சு, இடது கையால மூண்டு தரம் சுழட்டி, பீரிசில கவிழ். விளிம்புக்குக் கிட்ட இருக்கிறது கெதியா நடக்கிறது, அடியில இருக்கிறது பிந்தி. கைபிடி கேக்கிற ஆள்.

சின்னம்மா: ஒரு கேள்விக்கு ஒருதரம்தான் மகன். பிடிக்கேல்லை எண்டு திரும்பப் போட்டா எந்த நேரமும் பிடிச்சது வரும் வரைக்கும் போட்டுக்கொண்டிருப்பாய். நெஞ்சு நோ, பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டா பூவும் வேண்டாம், சோகியும் வேண்டாம், நேர ஆஸ்பத்திரி.

தம்பி: புளியங்கொட்டையில போட்டுப் பாத்தன். மிச்சம் 3, 8, 8.

பெரிய மாமா: கூட்டினா 19. ஒண்டு குறையுது. பாயைத் தூக்கிப் பார்.

தம்பி: ஓம் மாமா, மடிப்புக்க கிடந்தது. இதைச் சேத்து எண்ணவோ?

பெரிய மாமா: சேராது. 107ல பிரிச்ச பிரிவு அது. எல்லாத்தையும் ஒண்டாக் குவிச்சு, 108 எண்டு எண்ணிப்போட்டு, முதல்ல இருந்து கலை.